ஊரும் ஊடலும்: மாறிவரும் தஞ்சை குறித்த நவீனப் புனைகதைகளின் மனநிலை

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை நகரத்தையும் காவிரிப் படுகையையும் களமாகக் கொண்ட நவீனத் தமிழ்ப் புனைகதைகளை மறைந்த வாழ்வுக்கான ஏக்கமாக வாசிக்கும் வழக்கம் உண்டு. அவ்வாசிப்பு அப்படைப்புகளில் பற்றும் மனக்குறையும் பிரிக்கவியலாமல் கலந்திருப்பதை விளக்கப் போதுமானதாக இல்லை. மருதத்திணையின் உரிப்பொருளாகிய ஊடலை இக்கலவை உணர்வைக் குறிக்கும் கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், தஞ்சை ப்ரகாஷ், இந்திரா பார்த்தசாரதி ஆகியோரின் படைப்புகள் இந்நோக்கில் அணுகப்படுகின்றன. ஊடுவதற்கு உரிமை வேண்டும். அவ்வுரிமை படுகையின் மக்கள் அனைவர்க்கும் ஒருபோல் வாய்க்கவில்லை என்பது இவ்வாய்வின் முடிவாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: மருதம், ஊடல், இரங்கல், உள்ளுறை, தஞ்சை, காவிரிப் படுகை, ஊர், சேரி, குடியிருப்பு.

முன்னுரை

பிறந்த ஊர் மாறும்போது அவ்வூரார் கொள்ளும் மனநிலை ஒருபடித்தானதாக இருப்பதில்லை. வாய்க்கால் தூர்ந்து மனைப்பிரிவு எழும் இடத்தில் வருத்தமும், அம்மனையில் சொந்த வீடு கட்டிய மகிழ்ச்சியும் ஒரே குடும்பத்தில், சில வேளைகளில் ஒரே மனத்தில், இடம்பெறுகின்றன. பழைய தெருவின் அமைதியைப் போற்றுபவரே அத்தெரு தமக்கு விதித்த கட்டுப்பாடுகளிலிருந்து தப்பியதையும் போற்றுகிறார். தஞ்சையைப் பற்றிய நவீன எழுத்து இவ்விருமன நிலையைத் தொடர்ந்து பதிவுசெய்து வந்துள்ளது.

எனினும், தஞ்சை எழுத்துகளைப் பற்றிய பேச்சில் ஏக்கம் என்னும் சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. காவிரி, படித்துறை, சங்கீதம், வெற்றிலை, அக்கிரகாரம் என ஒரு பொருட்பட்டியலும் அதனுடன் சேர்ந்து விடுகிறது. இப்பட்டியல் பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. அதனை மட்டும் கொண்டு வாசிக்கும்போது அப்படைப்புகளுக்குள்ளிருக்கும் மனக்குறைகள் விடுபடுகின்றன. அப்பட்டியலுக்கு வெளியே வாழ்ந்த மக்களும் விடுபடுகின்றனர். இவ்விரு விடுபடல்களையும் ஒருங்கே காண்பதற்குரிய ஒரு கருத்தாக்கத்தைத் திணை மரபிலிருந்து பெற இக்கட்டுரை முயல்கிறது.

1. இரங்கலும் ஊடலும்

தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள்கள் ஐந்தனுள் இரங்கல் நெய்தலுக்கும் ஊடல் மருதத்துக்கும் உரியன. இரண்டும் துன்ப உணர்வுகள் என்றாலும் அவற்றின் அமைப்பு வேறு. இரங்குபவளுக்கு எதிரில் ஆள் இல்லை. கடலும் கழியும் கானலுமே உள்ளன. ஊடுபவளுக்கோ எதிரில், வாயிலில், தலைவன் நிற்கிறான். இரங்கல் இழப்பைப் பேசுகிறது. ஊடல் இழக்க விரும்பாத உறவிடம் கணக்குக் கேட்கிறது.

காவிரிப்படுகை இவ்விரண்டு உணர்வுகளையும் தன் தொல்பழங்காலத்திலிருந்தே அறிந்தது. பட்டினப்பாலை வளம் கொழிக்கக் காட்டிய புகாரை மணிமேகலை கடல்கொண்டதாகக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரைவழியே அந்நகரை நீங்கிச் செல்கின்றனர். இழந்த நகரைப் பாடும் மரபு இங்கே பழமையானது. ஆனால் தஞ்சை புகாரைப் போல் மறைந்துபோன நகரமன்று. அது தொடர்ந்து குடியிருக்கப்பட்டு, இடிக்கப்பட்டு, கட்டப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு வாழும் நகரம். அதனைப் பற்றிய மனநிலையை இரங்கலைக் கொண்டு மட்டும் விளக்குவது பொருந்தாது.

மருதத்து ஊடலில் இவ்வாய்வுக்குப் பயன்படும் மூன்று கூறுகளைச் சுட்டலாம். முதலாவது, தலைவனின் பெயர். மருதத்தலைவன் ஊரன் எனப்படுகிறான். அவனை விளிப்பதே ஊரை விளிப்பதாகிறது. இரண்டாவது, குறைகூறும் முறை. ஐங்குறுநூற்றின் முதல் நூறாக ஓரம்போகியார் பாடிய மருதத்தில் களவன் பத்து, எருமைப் பத்து முதலிய பகுதிகள் உள்ளன. பயிரைச் சிதைக்கும் வயல்நண்டும் ஆம்பலைக் குலைக்கும் எருமையும் தலைவனது ஊரின் வளமாகவே வருணிக்கப்படுகின்றன. அவ்வருணனைக்குள் அவன் செய்த கொடுமை உள்ளுறையாக நிற்கிறது. ஊரின் அழகைச் சொல்லும் சொற்களே ஊரன் மீதான குற்றச்சாட்டையும் சுமக்கின்றன. மூன்றாவது, உரிமை. ஊடல், மனைக்கு உரியவளாகத் தன்னை உணர்பவளின் செயல். உரிமையில்லாத இடத்தில் முறையீடு உண்டு, வேண்டுதல் உண்டு, வெகுளி உண்டு, ஊடல் இல்லை. திருக்குறள் ஊடலை உணவின் உப்போடு ஒப்பிட்டு அதன் அளவைப் பேசுவதும், ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நூலை நிறைவுசெய்வதும் ஊடல் உறவுக்குள் நிகழ்வது என்பதை உறுதிப்படுத்துகின்றன.

அகத்திணைக் கருத்தாக்கம் ஒன்றை ஊருக்கும் மனிதருக்கும் உள்ள உறவுக்கு விரிப்பதில் ஓர் எல்லை உண்டு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தலைவன் ஊடல் தணிக்கப் பேசுவான், ஊர் பேசாது. ஆயினும் மேற்கண்ட மூன்று கூறுகளும் நவீனத் தஞ்சை எழுத்தின் உட்பொருளைப் பிரித்தறிய உதவுகின்றன.

2. தஞ்சை: வந்தோரின் நகரம்

மாற்றத்துக்கு வருந்துவோர் மாறாத தொடக்கம் ஒன்றைக் கற்பித்துக்கொள்வது இயல்பு. தஞ்சைக்கு அத்தகைய தொடக்கம் இல்லை என்பதை அதன் கல்வெட்டுகளே காட்டுகின்றன.

கி.பி. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டு, இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைச் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றியதைக் கூறுகிறது. ஒவ்வொருவரின் பெயரும், அவர் முன்பிருந்த ஊரும், தஞ்சையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வீடு எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தஞ்சையின் முதற்குடிமக்கள் பட்டியல் எனத்தக்க இவ்வாவணம், வேறு ஊர்களை விட்டு வந்தோரின் பட்டியலாகவே உள்ளது. அவர்களுள் எவரும் விரும்பி வந்தனரா, விட்டுவந்த ஊரை நினைத்தனரா என்பவற்றைக் கல் சொல்லவில்லை.

இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றியதும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் படை நகரை எரித்ததும் தஞ்சையின் அடுத்த மாற்றங்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் கோட்டையும் அகழியும் நீர்நிலைகளும் கொண்ட நகரமாக அது மீண்டும் உருப்பெற்றது. 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி. தெலுங்கும் மராத்தியும் சௌராட்டிரமும் தமிழோடு கலந்து புழங்கிய இந்நகரின் மேலவீதியில்தான் சியாமா சாஸ்திரிகளின் இல்லமும், நாட்டிய ஆசான்களாகிய தஞ்சை நால்வரின் இல்லமும் உள்ளன. வடவாற்றுக்கு அப்பால் கரந்தையில் 1911இல் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கருணாமிர்தசாகரம் 1917இல் இந்நகரத்து ஆபிரகாம் பண்டிதரால் வெளியிடப்பட்டது. இன்று 'பழைய தஞ்சை' எனப் போற்றப்படும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த புதுமையே.

இதற்கு ஆறும் விலக்கன்று. காவிரி திருவையாற்றின் வழியே செல்கிறது. தஞ்சை நகரத்தார் அன்றாடம் காண்பது வடவாற்றையும், பெரிய கோயிலை ஒட்டிச் செல்லும் கல்லணைக் கால்வாயையும்தான். மேட்டூர் அணையுடன் 1934இல் பயன்பாட்டுக்கு வந்த இக்கால்வாய், தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் மேட்டு நிலங்களுக்கு நீர் கொண்டு செல்கிறது. மக்கள் அதனைப் புது ஆறு என்றே அழைக்கின்றனர். தொண்ணூறு ஆண்டுகளாகியும் பெயரில் புதுமை நீங்கவில்லை. ஆனால் கோயிலும் கால்வாயும் சேர்ந்த காட்சி நகரின் தொன்மைக்கே அடையாளமாகிவிட்டது. புதியது எவ்வளவு விரைவில் பழையதாகி நினைவுக்குரியதாகிறது என்பதற்கு இது சான்று.

3. தி. ஜானகிராமன்: நீங்கியோரின் ஊடல்

மன்னார்குடிக்கு அருகிலுள்ள தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் (1921–1982) பள்ளி ஆசிரியராகவும், பின்னர் அகில இந்திய வானொலியில் சென்னையிலும் தில்லியிலும் பணியாற்றினார். படுகையை விட்டு நீங்கிய ஒரு தலைமுறையின் எழுத்தாளர் அவர். அத்தலைமுறையின் நகர்வு சமூகவியலாளரின் கவனத்தையும் பெற்றது. 1961–62ஆம் ஆண்டுகளில் தஞ்சை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் களப்பணி செய்த ஆந்திரே பெத்தேல், ஸ்ரீபுரம் என்னும் புனைபெயரிட்டு அவ்வூரைப் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில், பிராமணர் கல்வியையும் நகரப் பணியையும் நாடி நிலத்திலிருந்து விலகுவதையும், ஊரின் அதிகாரம் பிறர் கைக்கு மாறுவதையும் விளக்கினார். ஜானகிராமனின் புதினங்கள் அதே நகர்வை உள்ளிருந்து காட்டுகின்றன.

சுதேசமித்திரனில் தொடராக வெளிவந்த 'மோகமுள்' கும்பகோணத்தைப் பெருங்களமாகக் கொண்டது. தெருக்கள், காவிரிக்கரை, ரங்கண்ணாவின் இசைப்பயிற்சி ஆகியவற்றின் வருணனைக்காக அது கொண்டாடப்படுகிறது. அவ்வருணனைக்குள் நிற்கும் உள்ளுறையை இங்கே நோக்க வேண்டும். தமிழ்ப் பிராமணருக்கும் மராத்தியப் பெண்ணுக்கும் பிறந்தவள் யமுனா. அவளுடைய கலப்புப் பிறப்பே அவளுக்கு வரன் அமையாமைக்குக் காரணமாகிறது. தந்தையின் மறைவுக்குப்பின் குடும்பம் வறுமையில் இறங்குகிறது. மராத்தியர் ஆட்சியால் தன் கலைச்செழிப்பைப் பெற்ற ஒரு நாடு, அவ்வாட்சியின் எச்சமாக நிற்கும் ஒரு பெண்ணுக்கு மனைவாழ்வை மறுக்கிறது. முதியவருக்கு மணம்முடிக்கப்பட்ட இளம்பெண் தங்கம்மாவின் தற்கொலையும் அதே அழகிய தெருக்களின் நடுவேதான் நிகழ்கிறது. ஐங்குறுநூற்றுத் தலைவி ஊரனின் பொய்கையை வருணித்தே அவனைக் குறைகூறுவதைப் போல, இப்புதினத்தில் இசையும் ஆறும் செறிந்த வருணனை, அவற்றைக் காத்த சமூகத்தின் இறுக்கத்தைச் சொல்லும் வழியாகிறது. பாபு சென்னைக்குச் செல்வதும், யமுனாவுடனான அவன் உறவு அங்கே நிறைவுறுவதும் தற்செயலல்ல. ஊர் மறுத்ததைப் பெருநகரம் அனுமதிக்கிறது.

'அம்மா வந்தாள்' இதன் மறுதலை. காவிரிக்கரை வேதபாடசாலையில் வளர்ந்த அப்பு சென்னைக்குச் சென்று, தாயின் வாழ்வை அறிந்து, மீண்டும் ஆற்றங்கரைக்கே வருகிறான். மேலோட்டமான வாசிப்பில் இது மாசுற்ற நகரை விட்டுத் தூய ஊருக்குத் திரும்புதல் எனப்படலாம். ஆனால் அங்கே அவனுக்காகக் காத்திருப்பவள் கைம்பெண்ணாகிய இந்து. பழைய ஒழுங்கு ஏற்காத உறவு ஒன்றை நோக்கியே அவன் பழைய இடத்துக்கு வருகிறான். ஊருக்குத் திரும்புதலும் பழைய ஒழுங்குக்குத் திரும்புதலும் வெவ்வேறு என்பதை ஜானகிராமன் தெளிவாக வேறுபடுத்துகிறார். ஊரின்மீது பற்றும் ஊரின் விதிமீது சினமும் ஒருங்கே நிற்கும் ஊடலின் அமைப்பு இது.

சிட்டியுடன் இணைந்து அவர் எழுதி 1971இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி, காவேரி' ஆற்றைத் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை பின்தொடரும் பயண நூல். 1924ஆம் ஆண்டுக் காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலவரையறை நெருங்கிய நேரத்தில் வெளிவந்தது அது. படுகையினர் தம் ஆற்றைத் தம் ஊரின் எல்லைக்குள் மட்டும் வைத்து அறிய முடியாது என்னும் உணர்வு அப்பயணத்தின் வடிவத்திலேயே உள்ளது.

4. வெங்கட்ராமும் ப்ரகாஷும்: தங்கியோரின் ஊடல்

விட்டு நீங்கியவரின் மனநிலையும் தங்கியவரின் மனநிலையும் ஒன்றல்ல. கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவுச் சமூகத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்த எம்.வி. வெங்கட்ராமின் (1920–2000) 'வேள்வித் தீ' ஜானகிராமன் காட்டிய அதே நகரத்தின் வேறொரு தெருவைக் காட்டுகிறது. அங்கே ஒலிப்பது தறி. நெசவாளிக்கும் பட்டு முதலாளிக்கும் இடையிலான கூலிக் கணக்கும், சொந்தத் தொழில் தொடங்க விரும்புபவனின் அலைக்கழிவும், சமூகத்தின் உட்கட்டுப்பாடும் அப்புதினத்தின் பொருள்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்து வந்த ஒரு மொழிச்சமூகம், வந்த ஊரையே சொந்த ஊராக்கிக் கொண்டபின் அதனிடம் கேட்கும் கணக்கு இது. காவிரியின் அழகு அங்கே பின்னணியாகக்கூட அதிகம் தேவைப்படவில்லை. ஒரே ஊருக்குள் வாழ்ந்த இரு நண்பர்களின் எழுத்தில் இரு வேறு ஊர்கள் தோன்றுவது, 'தஞ்சை எழுத்து' என்னும் பொதுச்சொல்லை எச்சரிக்கையுடன் கையாள வேண்டியதை உணர்த்துகிறது.

தஞ்சை நகரத்திலேயே வாழ்ந்த தஞ்சை ப்ரகாஷ் (1943–2000) ஊடலின் கடுமையான எல்லையைத் தொட்டவர். அவருடைய 'கள்ளம்' புதினத்தின் நாயகன் மரபுவழித் தஞ்சை ஓவியக் குடும்பத்தவன். கண்ணாடிக் கல்லும் தங்கத்தாளும் பதித்து, அதே தெய்வ உருவங்களைத் திரும்பத் திரும்பச் செய்து விற்கும் தொழிலை அவன் ஏற்க மறுக்கிறான். நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு கலை, மாற்றமின்மையைத் தன் தகுதியாகக் காட்டி விற்பனைப் பொருளாவதை அப்புதினம் கேள்விக்குள்ளாக்குகிறது. இங்கே மனக்குறை ஊர் மாறுவதைப் பற்றியதன்று. மாறாததுபோல் நடிப்பதைப் பற்றியது. நாயகன் மரபை விட்டு விலகி நகரின் விளிம்பு மக்களிடம் செல்வதும் கருதத்தக்கது. ப்ரகாஷின் 'கரமுண்டார் வூடு' நகரத்தை ஒட்டிய கள்ளர் சமூகக் குடும்பத்தை அதன் பேச்சுமொழியிலேயே எழுதியது. 'வூடு' என்னும் தலைப்புச் சொல்லே தஞ்சை வழக்கு எனப் பொதுவாகக் கருதப்படும் அக்கிரகார மொழிக்கு மாற்றாக நிற்கிறது.

இவ்விருவரையும் ஜானகிராமனோடு ஒப்பிடுகையில், தொலைவுக்கும் வருணனைக்கும் உள்ள தொடர்பு புலப்படுகிறது. நீங்கியவர் எழுத்தில் ஊர் காட்சியாகச் செறிகிறது. தங்கியவர் எழுத்தில் அது வேலையாகவும் கடனாகவும் அண்டை வீட்டின் குரலாகவும் வருகிறது. முன்னதில் மனக்குறை உள்ளுறையாக மறைந்து நிற்கிறது; பின்னதில் வெளிப்படையாகிறது.

5. ஊருக்கு வெளியே: ஊடும் உரிமை

இதுவரை கண்ட படைப்பாளர் அனைவரும், தம் வேறுபாடுகளுக்கிடையே, ஊர் தமக்குச் சொந்தம் என்னும் நிலையிலிருந்து பேசுகின்றனர். காவிரிப்படுகையில் 'ஊர்' என்னும் சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரு குறுகிய பொருள் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டுகள் சிற்றூர்களின் நிலங்களை வகைப்படுத்தும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரி முதலிய சேரிகளைத் தனியாகவும் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படுகையின் பேச்சுவழக்கில் ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்கு உள்ளே இல்லாதவர் 'சொந்த ஊர்' என்பதை எப்பொருளில் சொல்வது?

படுகையின் உழைப்பாளர் வாழ்வில் இக்கேள்வி சட்டப் பொருளும் உடையது. பண்ணையாள் குடியிருந்த குடிசையின் அடிமனை மிராசுதாருக்குரியது. வேலையை இழப்பவர் வீட்டையும் இழக்க வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவ்வுறவில் அரசு தலையிட்ட முதற்படி. 1950களின் தொடக்கத்தில் இப்பகுதியில் களப்பணி செய்து, 1976இல் மீண்டும் வந்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், பண்ணையாள் முறை நாட்கூலி முறையாக மாறியதையும், மாறியபின்னும் வறுமை தொடர்ந்ததையும் எழுதியுள்ளார். அவர் கணக்கில் மாற்றம் விடுதலையாகவும் ஏமாற்றமாகவும் இருமுகம் கொண்டுள்ளது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வுக்கும் சங்க உரிமைக்குமான போராட்டத்தின் நடுவே, பெண்களும் குழந்தைகளும் பெரும்பான்மையாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே 1969இல் நியாயக்கூலிச் சட்டமும், 1971இல் குடியிருந்தோர்க்கு அடிமனையின் உரிமையளிக்கும் குடியிருப்புச் சட்டமும் வந்தன. தஞ்சை இலக்கியத்தின் காலவரிசையில் 1971ஆம் ஆண்டைக் குறிப்பவர், 'நடந்தாய் வாழி, காவேரி' வெளிவந்த ஆண்டே படுகையின் உழைப்பாளர் தம் குடிசை நின்ற மண்ணுக்குச் சட்டப்படி உரியவரான ஆண்டும் என்பதைச் சேர்த்தே குறிக்க வேண்டும்.

கும்பகோணத்தில் வளர்ந்து தில்லியில் வாழ்ந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (சாகித்திய அகாதெமி விருது, 1977) வெண்மணி நிகழ்வைத் தழுவியது. அதன் அமைப்பில் கருதத்தக்கது பார்வைக்கோணம். தில்லியிலிருந்து வந்து சிற்றூரில் தங்கும் கோபாலும், அவனைத் தேடி வரும் நண்பன் சிவாவும் நிகழ்வுகளைக் காண்பவர்கள். நகரவாழ்வின் வெறுமைக்குக் கிராமம் மாற்றாகும் என்ற நம்பிக்கை அங்கே தீயில் முடிகிறது. ஊர்திரும்புதல் என்னும் கதைவடிவத்தையே இப்புதினம் உடைக்கிறது. ஆயினும் உழைப்பாளர்களின் நிலை வந்தவர்களின் கண்வழியே காட்டப்படுகிறது என்னும் திறனாய்வு இதற்குப் பொருந்தும். சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அந்நிகழ்வைப் படுகையின் வேளாண் வாழ்வுக்குள்ளிருந்து அணுகியது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் எஞ்சியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தது.

இப்பதிவுகளின் உணர்வை ஊடல் எனல் பொருந்தாது. ஊடலுக்குரிய மூன்றாவது கூறாகிய உரிமை அங்கே இனிமேல்தான் பெறப்பட வேண்டியதாக உள்ளது. இவை உரிமை வழக்குகள். பழைய தஞ்சை மறைவது இவர்களுக்கு இழப்பன்று; அது முழுதும் மறையாமை இவர்களின் மனக்குறை. ஒரே மாற்றத்தை ஒருவர் வீழ்ச்சி எனவும் மற்றொருவர் விடிவு எனவும் கொள்வதன் அடிப்படை சுவை வேறுபாட்டில் இல்லை. நிலத்தோடு அவரவர் கொண்டிருந்த உறவில் உள்ளது.

6. இன்றைய தஞ்சை

இக்கேள்விகள் கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாயின. தஞ்சை 2014இல் மாநகராட்சியானது. 2016இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்றது. நகருக்குள் அய்யன்குளம், சாமந்தான்குளம் முதலிய பழைய நீர்நிலைகள் சீரமைக்கப்பட்டன. சேவப்பநாயக்கன் ஏரியின் நீர் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து நிலத்தடிக் குழாய்வழியே நகரின் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் சென்ற ஜலசூத்திரம் என்னும் ஏற்பாடு மீண்டும் பேசப்பட்டது. பழைமையை மீட்பதும் புதுமையே என்பதற்கு இது நல்ல சான்று. அதே வேளையில், கோட்டை அகழியையும் அலங்கப் பகுதிகளையும் மீட்பதோடு, அங்கே நெடுங்காலமாகக் குடியிருந்தோரை அப்புறப்படுத்தும் கேள்வியும் எழுந்தது. நாயக்கர்கால அகழி நகரத்தின் உடைமை. அகழியோரக் குடிசையும் ஒருவரின் பிறந்த வீடு. எந்நினைவு காக்கப்பட வேண்டியது என்னும் தீர்மானத்தில், எவருடைய ஊர் இது என்னும் பழைய கேள்வி மறைந்துள்ளது.

புது ஆற்றுக்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் பணியும் இருவகையாக எதிர்கொள்ளப்பட்டது. நீர் வீணாகாமல் கடைமடைக்கு விரைந்து சேரும் என்பது வரவேற்றோர் கூற்று; மண்ணுக்குள் நீர் ஊறுவது தடைப்பட்டுக் கரையோரக் கிணறுகள் வற்றும் என்பது எதிர்த்தோர் கூற்று. கடைமடை உழவருக்கும் கரையோரக் குடிகளுக்கும் இங்கே நலன்கள் வேறு. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் எனக் காவிரி நடுவர் மன்றம் 2007இல் வகுத்த 192 டி.எம்.சி., உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் 177.25 டி.எம்.சி. ஆனது. 2020இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. சூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் அமைந்த குறுவை, பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்புவதாயிற்று. படுகையைக் காக்கும் சட்டம் வயலைக் காக்கக்கூடும். வயலில் உழைப்பவர் அவ்வேலையை விட்டு நகருக்குச் செல்லும் விருப்பத்தை அது எவ்வாறு கொள்ளும் என்பது எழுத்தாளருக்கும் ஆய்வாளருக்கும் உரிய கேள்வி. நடவுப்பாட்டு மறைவதற்கு வருந்தும் நாட்டுப்புறவியல் ஆய்வு, நடவு செய்தவர் தம் மகள் அவ்வேலைக்கு வராமையை மகிழ்ந்து சொல்வதையும் பதிவுசெய்ய வேண்டும்.

முடிவுரை

தஞ்சை பற்றிய நவீனப் புனைகதைகளை இரங்கலாக வாசிப்பதைவிட ஊடலாக வாசிப்பது அவற்றின் பற்றையும் மனக்குறையையும் ஒருங்கே காண உதவுகிறது. ஜானகிராமனிடம் மனக்குறை ஊரின் வருணனைக்குள் உள்ளுறையாகவும், வெங்கட்ராமிடம் தொழில் வாழ்வின் கணக்காகவும், ப்ரகாஷிடம் மரபு பற்றிய வெளிப்படையான மறுப்பாகவும் அமைகிறது. வெண்மணி சார்ந்த எழுத்துகள் இவ்வரிசையில் நான்காவது வகையாக அமைவதில்லை. ஊடுவதற்கே உரிமை வேண்டும் என்பதை உணர்த்தி, முதல் மூன்றின் எல்லையைக் காட்டுகின்றன.

ஆதலால் ஊர் மாற்றத்தைப் பேசும் எந்தப் பனுவலையும் அணுகும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். பேசுபவர் ஊரில் தங்கியவரா, நீங்கியவரா? அவர் போற்றும் அழகுக்குள் எக்குறை உள்ளுறையாக உள்ளது? அவர் குறைகூறும் ஊரில் அவருக்கு அடிமனை இருந்ததா? மூன்றாவது வினா இலக்கியத்துக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். படுகையில் அது அவ்வாறன்று. சேரியின் மூன்றாம் தலைமுறை, பட்டா பெற்ற தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தன் ஊர் முன்போல் இல்லை என எழுதத் தொடங்கியுள்ளது. அவ்வெழுத்தில் பற்றும் சினமும் எவ்விகிதத்தில் கலக்கின்றன என்பது தஞ்சை இலக்கியத்தின் அடுத்த ஆய்வுக்களம். மருதத்தின் உரிப்பொருள் அங்கே முதன்முறையாக அனைவர்க்கும் உரிய பொருளாகலாம்.